எண்ணிக் கொடுக்கும் தோட்டா

இரண்டு உலகப் போர்களைப் பார்த்த 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியோடு பெங்களூர் ரேஞ்சில் ஒரு நாள்

துப்பாக்கி ஒரு பெட்டியில் வருகிறது. தோட்டா வேறொரு பெட்டியில். இரண்டுக்கும் தனிப் பதிவேடு, தனிக் கையெழுத்து. பெங்களூரின் விளிம்பில், தைல மரங்களுக்கும் பாதி எழும்பி நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் நடுவே இருக்கும் போலீஸ் ரேஞ்சில், காலை முதல் அரை மணி நேரம் யாரும் எதையும் சுடுவதில்லை. எண்ணுகிறார்கள். பெட்டியைத் திறந்து எண்ணி, தட்டில் கொட்டி எண்ணி, ஐந்தைந்தாகப் பிரித்து மறுபடி எண்ணி, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் சிவப்புக் கொடி ஏறுகிறது. ரேஞ்சில் சுடப்போகிறார்கள், யாரும் குறுக்கே வராதீர்கள் என்று அர்த்தம்.

சுட வந்திருப்பவர்கள் போலீசார் அல்ல. பொதுமக்களுக்காகக் கர்நாடகப் போலீசார் நடத்தும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்கள். குடகிலும் சிக்மகளூரிலும் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பெண்கள் என்று கலவையான கூட்டம். 2016ஆம் வருட ஆயுத விதிகளின்படி, துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்குச் சான்று காட்ட வேண்டும். அதற்காக வருகிறவர்கள் சிலர். சினிமாவில் பார்த்ததைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசையில் வருகிறவர்கள் பலர். ஏர் ரைஃபிள், .22 எல்லாம் தொட்டு முடித்த பிறகு வருவதுதான் பெரியது. போலீசார் 'த்ரீ நாட் த்ரீ' என்கிறார்கள். துப்பாக்கியின் முழுப் பெயர் லீ என்ஃபீல்டு.

கையில் வாங்கியதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. எதிர்பார்த்ததைவிடக் கனம். ஏறக்குறைய 4 கிலோ. நீளம் 1.13 மீட்டர். குழாயின் முனைவரை மரம் போர்த்தியிருக்கிறது. எத்தனையோ கைகளின் வியர்வையும் ஆளி விதை எண்ணெயும் ஊறி, அந்த மரம் பழைய வீட்டுத் தூண் போலக் கறுத்துப் பளபளக்கிறது. கட்டையின் அடியில் பித்தளைத் தகடு. அதில் சின்னக் கதவு. திறந்தால் உள்ளே எண்ணெய்ப் புட்டியும், குழாய் துடைக்கும் கயிறும் வைக்க இடம். 1900களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தவர்கள் சிப்பாயின் தேவைகளை யோசித்திருக்கிறார்கள்.

போல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புப் பட்டையில்தான் சரித்திரம். சில துப்பாக்கிகளில் ஒரு கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், இஷாப்பூர் என்ற ஊர்ப் பெயர், ஒரு வருடம். ஜார்ஜியஸ் ரெக்ஸ் இம்பரேட்டர், அதாவது மன்னரும் பேரரசருமான ஜார்ஜ். வேறு சிலவற்றில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம். கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையருக்காக இந்தத் துப்பாக்கியைச் செய்ய ஆரம்பித்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. முத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டது.

துப்பாக்கியின் பெயரில் இருக்கும் லீ, ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் 1831இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் துப்பாக்கி செய்தவர். போல்ட்டும், கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டியும் அவருடைய மூளை. என்ஃபீல்டு, லண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். இரண்டும் 1895இல் சேர்ந்தன. 1907இல் வந்த மூன்றாம் மாடல்தான் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் தோளில் தொங்கியது.

சரி, சுடுவது எப்படி?

தரையில் விரித்த தார்ப்பாயில் குப்புறப் படுக்க வேண்டும். உடம்பு துப்பாக்கிக்கு நேராக இருக்கக் கூடாது, சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். முழங்கைகள் தரையில். கட்டையைத் தோள் குழியில் அழுத்தி வைத்து, கன்னத்தை மரத்தின் மேல் சாய்க்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தப்புச் செய்கிறார்கள். உதைக்குமே என்று பயந்து கட்டையைத் தோளிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பிடிக்கிறார்கள். அந்த அரை அங்குல இடைவெளியில்தான் துப்பாக்கி வேகம் பிடித்து வந்து குத்துகிறது. இறுக்கி அணைத்தவருக்கு வெறும் தள்ளு. தள்ளி வைத்தவருக்கு மறுநாள் தோள் நீலம் பாரிக்கும்.

ஐந்து தோட்டாக்களை ஒரு தகரக் கிளிப்பில் கோத்துத் தருகிறார்கள். மேலிருந்து கட்டை விரலால் அழுத்தினால் ஐந்தும் உள்ளே இறங்கும். இப்படி இரண்டு கிளிப், மொத்தம் பத்து. போல்ட்டை முன்னால் தள்ளி வலப்பக்கம் மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் இறுகுவது உள்ளங்கையில் தெரிகிறது. ட்ரிகர் இரண்டு கட்டம். முதல் அழுத்தத்தில் சும்மா தளர்ந்து வந்து ஓரிடத்தில் நிற்கும். மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, அதற்கு மேல் மெல்லப் பிழிய வேண்டும். இழுக்கக் கூடாது. எப்போது வெடிக்கும் என்று சுடுபவருக்கே தெரியாமல் வெடித்தால்தான் குறி சரியாக இருக்கும் என்பது ரேஞ்சின் பாலபாடம்.

சத்தம் காதில் கேட்பதைவிட நெஞ்சில் விழுகிறது. குண்டு வெளியே போகும் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 744 மீட்டர். ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் மண்மேட்டில் புழுதி எழுவதற்கும், சுட்டவர் தான் சுட்டுவிட்டோம் என்று புரிந்துகொள்வதற்கும் நடுவே நேரமே இருப்பதில்லை. குறி வைக்கும் தகட்டில் 200 கெஜத்திலிருந்து 2,000 கெஜம் வரை அளவு போட்டிருக்கிறது. ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒருவனைச் சுட வேண்டி வரும் என்று நினைத்த காலத்தின் அளவுகோல் அது. இந்த ரேஞ்சில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. அப்படியும் முதல் பத்தில் தாளைத் தொடுபவை இரண்டோ மூன்றோதான்.

வெடித்து முடித்ததும் மூக்கில் ஏறும் காரமான வாசனைக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. பழைய .303 தோட்டாவுக்குள் இருந்தது பொடி மருந்தல்ல. கார்டைட் என்ற, சேமியாவை நறுக்கிக் கட்டி வைத்தது போன்ற மெல்லிய குச்சிகள். அதைத் தயாரிக்க வெள்ளையர் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரி. ஊட்டி மலை ரயிலில் குன்னூர், வெல்லிங்டன் தாண்டியதும் வரும் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்க்காத சுற்றுலாப் பயணி இருக்க முடியாது. அங்கேதான் 1903இல் கார்டைட் தொழிற்சாலை உருவாகத் தொடங்கியது. இன்றும் இயங்குகிறது. 2021இல் ஆயுதத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் போனது.

துப்பாக்கி வங்காளத்தில், மருந்து நீலகிரியில், தோட்டா புனா பக்கம் கிர்க்கியிலும் கல்கத்தா பக்கம் டம்டம்மிலும். செய்தவர்கள் எல்லோரும் இந்தியர்கள். சுமந்தவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆனால் அவர்களிடம் அதை முழுசாகக் கொடுத்துவிட வெள்ளையருக்கு மனம் வரவில்லை.

அந்தப் பயம் இதைவிடப் பழைய ஒரு துப்பாக்கியிலிருந்து வந்தது. அதன் பெயரும் என்ஃபீல்டுதான். மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்ற செய்தி பரவி 1857இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது அந்த என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவை வைத்து. (சென்னையில் 1955 முதல் தயாராகும் புல்லட் மோட்டார் சைக்கிளின் பெயரும் இதே வம்சம்தான். என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனி, அந்தப் பெருமையில் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டு பீரங்கியைச் சின்னமாகப் போட்டது.) 1857க்குப் பிறகு ஓர் எழுதாத விதி வந்தது. இந்தியச் சிப்பாயின் துப்பாக்கி வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கியைவிட ஒரு தலைமுறை பின்தங்கியே இருக்க வேண்டும். 1914இல் பிரான்சுக்குப் போன இந்தியப் படையினர் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் புதிய ரக ரைஃபிளைக் கையில் வாங்கினார்கள். ஜெர்மானியரைச் சுட வேண்டிய கட்டாயம் வந்தபோது விதி தளர்ந்தது.

போலீஸ்காரர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்காக இஷாப்பூரில் தனியாக ஒரு ரகம் செய்தார்கள். பார்வைக்கு அதே .303. ஆனால் குழாயைக் குடைந்து .410 மஸ்கட் ஆக்கியது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டா. ராணுவத் தோட்டா அதில் பொருந்தாது. தொலைவில் குறி நிற்காது. கிளர்ச்சிக்காரர்கள் கையில் சிக்கினாலும் பெரிய ஆபத்தில்லை என்ற கணக்கு.

பொதுமக்களுக்கு .303 தடை செய்யப்பட்ட ரகம். அன்றும், இன்றும். அதற்கு மாற்றாக வந்ததுதான் வட இந்தியக் கிராமங்களிலும் வங்கிக் காவலாளிகள் தோளிலும் பார்க்கும் .315 ரைஃபிள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அதே லீயின் போல்ட். குழாயும் தோட்டாவும் மட்டும் வேறு. ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டாவை அதில் போட முடியாது.

துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதும் அந்தக் காலத்து ஜாக்கிரதைதான். அதற்குப் பலன் இருந்தது. 1930 ஏப்ரல் 18 இரவு சூர்யா சென்னும் தோழர்களும் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைப் பிடித்தார்கள். துப்பாக்கிகள் கிடைத்தன. தோட்டாக்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்திய விடுதலைப் போரின் மிகத் துணிச்சலான இரவுகளில் ஒன்று அந்த ஓட்டையில் வடிந்து போயிற்று. ரேஞ்சுக்குக் காலையில் இரண்டு பெட்டிகள் தனித்தனியாக வருவதைப் பார்க்கும்போது அந்த இரவை நினைக்காமல் இருக்க முடியாது.

பெங்களூர் இந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற ஊர். தெருப் பெயர்களே ராணுவ வரிசை. பிரிகேட் ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, காமராஜர் பெயருக்கு மாறிவிட்ட கேவல்ரி ரோடு. லைசென்ஸ் கேட்பவர் போக வேண்டிய போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருப்பதோ இன்ஃபன்ட்ரி ரோட்டில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டோன்மென்ட் வந்தபோது அதன் பின்னாலேயே வந்தவர்கள்தான் பெங்களூர்த் தமிழர்களின் முன்னோர்களில் கணிசமானவர்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், வண்டிக்காரர்கள். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிறது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். அதன் வீரர்களை ராணுவமே 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறது. முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் இங்கே பிறந்தது. தம்பிகளின் வேலை பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும்தான் என்றாலும் தோளில் .303 இருக்கும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ அருகே, வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்ரமணியன் அந்தப் படையைச் சேர்ந்தவர். மரணத்துக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது.

இது பெருமையான பக்கம். அதே துப்பாக்கிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதுவும் ஒரு தோட்டாக் கணக்கில்தான் நிற்கிறது. 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். ஜெனரல் டயர் 50 பேரைச் சுடச் சொன்னார். எல்லோரும் இந்தியப் படையின் சிப்பாய்கள். கையில் .303. பத்து நிமிடம். சுட்ட தோட்டா 1,650. ஓர் ஆளுக்குச் சராசரி 33. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை தகராறு. அரசு சொன்னது 379, மக்கள் சொன்னது அதைவிடப் பல மடங்கு. ஆனால் தோட்டா எத்தனை என்பதில் சந்தேகமே இல்லை. தலைகளை யாரும் எண்ணவில்லை, தோட்டாவை எண்ணினார்கள்.

வெள்ளையர் போனார்கள். எண்ணும் பழக்கம் தங்கிவிட்டது. 1962இல் தானியங்கித் துப்பாக்கிகளோடு இறங்கி வந்த சீனர்களை இமயப் பனியில் இந்தியச் சிப்பாய்கள் எதிர்கொண்டது இதே .303ஐ வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தரம் போல்ட்டை இழுத்து. அந்த அடிக்குப் பிறகு ராணுவம் எஸ்.எல்.ஆர். என்ற துப்பாக்கிக்கு மாறியது. கழித்ததெல்லாம் போலீசுக்கும் என்.சி.சி.க்கும் வந்தது. (ஒரு தலைமுறைத் தமிழ்க் கல்லூரி மாணவர்கள் இதைத் தோளில் வைத்துக்கொண்டு 'சலாமி சஸ்த்ர்' போட்டிருக்கிறார்கள். என்.சி.சி.யின் அந்த இந்திக் கட்டளைகளை எதிர்த்து 1968இல் தமிழகச் சட்டமன்றத் தீர்மானமே வந்தது.)

கான்ஸ்டபிளின் நிலைமைதான் வேடிக்கை. வேடிக்கை என்றும் சொல்ல முடியாது. முப்பது வருட சர்வீசில் மைல் கணக்காக அந்த 4 கிலோவைச் சுமப்பார். தேர்தலுக்கு, திருவிழாவுக்கு, கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு. சுட்டுப் பழகத் தோட்டா கிடைப்பதோ அபூர்வம். வருடாந்திரச் சுடும் பயிற்சி ஒழுங்காக நடக்கவில்லை என்று பல மாநிலங்களைப் பற்றி மத்திய தணிக்கைத் துறை எழுதியிருக்கிறது. தொலைந்த ஒரு தோட்டாவுக்கு விசாரணை உண்டு, சஸ்பெண்ட் உண்டு. ஒரு வருடம் முழுக்கச் சுடாமல் இருந்ததற்கு எதுவும் கிடையாது.

அதன் விலை 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் தெரிந்தது. இரண்டு பேர் ஏ.கே. துப்பாக்கிகளோடு நடமாட, நிலையத்தில் இருந்த போலீசாரிடம் இருந்தது லத்தியும் பழைய .303உம். ஆயுதம் வைத்திருந்தும் பலர் சுடவில்லை, சுடச் சொல்லியும் கேட்கவில்லை என்று, அந்த இரவைப் படமெடுத்த செபாஸ்டியன் டிசூசா பிறகு வருத்தத்தோடு கூறினார். ஆனால் ரயில்வே பாதுகாப்புப் படையின் ஜில்லு யாதவ், சக காவலர் ஒருவரிடமிருந்த ரைஃபிளை வாங்கிச் சுட்டார். ஆகவே பழியை முழுவதும் துப்பாக்கி மேல் போடுவது நியாயமல்ல. நூறு வருடப் பழசானாலும் அது சுடும். சுடத் தெரிந்தவர் பிடிக்க வேண்டும்.

இன்று பெரும்பாலான இந்தியர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்பது இறுதிச் சடங்கில்தான். பிரமுகர்களுக்குப் போலீசார் வானத்தை நோக்கி மும்முறை வெற்றுத் தோட்டா சுடுவது அரசு மரியாதை. அதுவும் சில சமயம் நடப்பதில்லை. 2019 ஆகஸ்டில் பீகார் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் இருபதுக்கு மேற்பட்ட ரைஃபிள்களை உயர்த்தினார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. மறு வருடம், 2020 ஜனவரி 26 அணிவகுப்போடு உத்தரப் பிரதேசப் போலீசார் .303க்கு விடை கொடுத்தார்கள்.

கனடாவிலும் விடை கொடுத்தார்கள், வேறு விதமாக. ஆர்க்டிக் பனிப் பிரதேசத்தில் ரோந்து போகும் கனடிய ரேஞ்சர்கள் 1947 முதல் லீ என்ஃபீல்டைத்தான் வைத்திருந்தார்கள். குளிரில் உறையாது, பனிக்கரடிக்கும் போதும் என்பதால். சில வருடங்களுக்கு முன் புது ரைஃபிள் வந்தபோது, பழையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ரேஞ்சர்களிடமே கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் அப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்வதே கஷ்டம். இங்கே கான்ஸ்டபிள் திருப்பிக் கொடுக்கிறார். வாங்குபவர் எண்ணிப் பார்க்கிறார்.

மதியத்துக்குள் சுடுவது முடிந்துவிடுகிறது. தோளைத் தடவிக்கொண்டு தத்தம் தாளை வாங்கிப் போகிறார்கள். தாளின் ஓரத்தில் விழுந்த ஒற்றை ஓட்டையைச் செல்போனில் படம் எடுக்கிறார்கள். அருகே துப்பாக்கிகளுக்குக் குளியல். பழைய .303 தோட்டா விட்டுச் செல்லும் உப்பு, எண்ணெயில் கரையாது, குழாயை அரித்துவிடும். அதனால் கொதிக்கும் வெந்நீரைக் குழாய் வழியாக ஊற்றுவதுதான் அந்தக் காலத்திலிருந்து வைத்தியம். பிறகு கயிற்றில் துணியைக் கோத்து இழுக்கிறார்கள். அந்தத் துண்டுத் துணிக்குப் படைவழக்கில் 'சிந்தி' என்று பெயர். முதல் சிந்தி கரியாக வரும். நாலாவதோ ஐந்தாவதோ வெள்ளையாக வரும்வரை விடுவதில்லை.

கடைசியில் மறுபடி எண்ணிக்கை. முப்பது பேர், ஆளுக்குப் பத்து. முந்நூறு வெற்றுக் குப்பிகள் திரும்ப வேண்டும். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று வந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பயிற்சியாளர், கான்ஸ்டபிள், சுட வந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் குனிந்து, காதுத் திருகாணி தொலைத்தவர்கள் போலப் புல்லை விலக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பெரும்பாலும் அது தார்ப்பாயின் மடிப்பிலோ மணல் மூட்டைக்கு அடியிலோ கிடக்கும். எடுத்து, ஊதி, மண்ணைத் தட்டி, தட்டில் போடுகிறார்கள். பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகுதான் சிவப்புக் கொடி இறங்குகிறது.